பெயர் ஒன்று, வருத்தம் மூன்று

திருகோணமலையிலிருந்து ஒரு கடிதம். கொப்பித் தாளில் ஆறு பக்கம். எழுதியவருக்கு வயது 39. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு மீன் வியாபாரம். விடியப்புறம் வாடியில் மீனைப் பெட்டியில் அடுக்கி ஐஸ் போடுவது இவருடைய வேலை. நாலு வருடமாக ஐஸில் கை வைத்தால் விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து, நீலமாகி, கடைசியில் சிவந்து குத்துமாம். 'ஐஸ் பிடித்த கை' என்று பேசாமல் இருந்துவிட்டார். போன வருடம் விரல்கள் தடித்துத் தோல் இறுகியதில் கலியாண மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டி வந்தது. இப்போது இறுக்கம் முழங்கையையும் தாண்டி நெஞ்சுவரை வந்துவிட்டது. கிளினிக்கில் இரத்தம் சோதித்துக் கொப்பியில் 'சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ்' என்று எழுதினார்கள். கொழும்பில் மூட்டுவாத நிபுணரைப் பார்க்கவும் நெஞ்சு சிடி ஸ்கேன், சுவாசப் பரிசோதனை செய்யவும் கடிதமும் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் மூன்று மாதமாக அலுமாரியில் கிடக்கிறது. 'எக்ஸ்ரே நல்லம் என்றுதானே சொன்னவை, பிறகேன் ஸ்கேன்?' என்பது கணவரின் கேள்வி.

வீட்டில் இதைவிடப் பெரிய பூகம்பம் ஒன்று. இவருடைய பெரியம்மாவுக்கு முன்பு காதில் ஒப்பரேஷன் நடந்தது. வருத்தத்தின் பெயர் 'ஓட்டோஸ்கிளிரோசிஸ்'. அண்ணனின் ஒன்பது வயது மகனுக்குச் சிறுநீரகத்தில் 'குளோமெருலோஸ்கிளிரோசிஸ்'. சொந்தக்காரப் பொடியன் ஒருவன் போனில் தேடி, மூன்றின் வாலும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துச் சொல்ல, 'உங்கட பரம்பரையே கல்லாகிற பரம்பரை' என்று மாமி சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு வெளியே போய், தங்கைக்குப் பொருந்திவந்த சம்பந்தம் இழுபறியில் நிற்கிறது. 14 வயது மகளுக்கும் இது வருமா? கன்னியா வெந்நீரில் குளித்தால் தோல் இளகுமா? இவை கேள்விகள். கடைசிப் பக்கத்தின் அடியில், மறந்துபோனதைச் சேர்ப்பதுபோல ஒரு வரி: 'மூட்டு நோவுக்கு மாமாவின்ர முட்டுக் குளிசை, பிரெட்னிசலோன், ஒரு நாளைக்கு நாலு போடுறன். அஞ்சு கிழமையாகுது. நல்ல சுகம்.'

தங்கச்சி, அந்தக் கடைசி வரிக்குத்தான் என் முதல் பதில்.

அந்தச் சின்னக் குளிசை

பிரெட்னிசலோன் கெட்ட மருந்தில்லை. மாமாவின் முட்டுக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, அது உயிர் மருந்தாகக்கூட இருக்கும். பெரும்பாலும் ஐந்து மில்லிகிராம் குளிசையாகத்தான் கொடுப்பார்கள். அப்படியானால் நீங்கள் நாளுக்கு 20 மில்லிகிராம் எடுக்கிறீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் வருத்தத்தில், நாளுக்கு 15 மில்லிகிராமும் அதற்கு மேலும் இந்த மருந்தை எடுப்பவர்களுக்குச் சிறுநீரகம் திடீரென்று நெருக்கடிக்குள் போகும் ஆபத்து கூடுகிறது. தோல் இறுக்கம் முழங்கைக்கு மேலும் உடம்பிலும் பரவுகிற வகையில், அதுவும் முதல் நாலைந்து வருடத்தில், இந்த ஆபத்து அதிகம். நீங்கள் சொல்கிற அடையாளங்கள் அந்த வகையைத்தான் காட்டுகின்றன.

நெருக்கடி என்றால் சிறுநீரகத்தின் சின்ன இரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கி, பிரஷர் சட்டென்று ஏறுவது. விடாத தலையிடி, கண் மங்கல், மூச்சு முட்டல், சலம் குறைதல், சிலருக்கு வலிப்பு. கப்டோபிரில், எனலாபிரில் போன்ற மருந்துகள் வருவதற்கு முன் இந்த நிலைக்குப் போனவர்களில் மிகச் சிலரே ஒரு வருடம் தாண்டினார்கள். அந்த மருந்துகள் வந்ததும் கதை மாறியது. (அவற்றுக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷம் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.) ஆனால் நேரத்தோடு தொடங்கினால்தான் பலன். வருமுன் காப்போம் என்று இப்போதே வாங்கிப் போட்டாலும் அவை காக்காது.

சரி, இன்றைக்கே பிரெட்னிசலோனை விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. இது ஸ்டீரொயிட் மருந்து. ஐந்து கிழமை வெளியிலிருந்து கொடுத்ததில், அதே வகை ஸ்டீரொயிட்டை உடம்பு தானாகச் சுரப்பது குறைந்திருக்கும். சடுதியாக நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறக்கம் வரலாம். எவ்வளவு வேகமாகக் குறைப்பது என்பதை உங்களைப் பார்க்கிற டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆகவே கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல், இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையை அப்படியே சொல்லுங்கள். ஏச்சு விழும் என்று பயப்படுவீர்கள். விழுந்தால் விழட்டும். அன்றைக்கே பிரஷரும், சலமும், சிறுநீரக இரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பிரஷர் அளக்கிற மிஷின் ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். நகை வாங்குவதைவிட உங்களுக்கு அது பிரயோசனம். கிழமையில் இரண்டு மூன்று தரம் அளந்து கொப்பியில் குறியுங்கள். வழக்கமாக 110/70 இருக்கிற ஒருவருக்கு 140/90 வந்தால், 'கொஞ்சம்தானே' என்று விடக்கூடாது. அன்றே போக வேண்டும். மேலே சொன்ன தலையிடியோ கண் மங்கலோ சேர்ந்து வந்தால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மூட்டு நோவுக்குப் பார்மசியில் டைக்ளோபெனாக் கேட்டு வாங்குவதையும் நிறுத்துங்கள். அது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கூடாது.

ஒரே வால், வேறு வேறு மிருகம்

இனி மாமியின் 'கல்லாகிற பரம்பரை'க்கு வருவோம். கிரேக்க மொழியில் 'ஸ்கிளிரோஸ்' என்றால் கடினம், இறுக்கம். எந்த உறுப்பில் எது இறுகினாலும் பழைய வைத்தியர்கள் பெயரின் பின்னால் அதை ஒட்டிவிட்டார்கள். நம்முடைய 'வாதம்' மாதிரித்தான். பக்கவாதம், மூட்டுவாதம், இளம்பிள்ளை வாதம் என்று சொல்கிறோம். ஒன்று மூளையின் இரத்தக் குழாயில், ஒன்று மூட்டில், ஒன்று போலியோக் கிருமியால். பெயரில் வாதம் இருக்கிறது என்பதற்காக மூன்றையும் ஒரு குடும்பத்துச் சாபம் என்று யாரும் சொல்வதில்லை.

பெரியம்மாவின் காதில் நடந்தது இதுதான்: நடுக்காதில் அங்கவடி போன்ற ஓர் எலும்பு இருக்கிறது. உடம்பிலேயே மிகச் சிறியது. ஒலிக்கு ஏற்ப அது அசைந்தால்தான் கேட்கும். அதைச் சுற்றி எலும்பு தாறுமாறாக வளர்ந்து அது இறுகிப்போனால் காது மந்தமாகிவிடும். அதற்குத்தான் ஒப்பரேஷன். அண்ணன் மகனுக்கோ சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிக்கிற நுண்ணிய வடிகளில் அங்கங்கே தழும்பு விழுந்திருக்கிறது. அதனால் புரதம் சலத்தில் ஒழுகும். முகமும் காலும் வீங்கும். சில பிள்ளைகளுக்கு அது மரபணுவால் வருவதுண்டு. அதை அவனுடைய சிறுநீரக டொக்டர் பார்த்துக்கொள்வார். உங்கள் தோலுக்கும் அவனுடைய சிறுநீரகத்துக்கும் பெயரைத் தவிர வேறு சொந்தமில்லை.

ஒரு விசித்திரம் சொல்லட்டுமா? உங்கள் வீட்டு மூன்று பெயர்களில் பரம்பரையாக ஓடுவதற்கு நன்கு பெயர்போனது பெரியம்மாவின் காது வருத்தம்தான். அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை!

போனில் தேடிய பொடியன் சக்கர நாற்காலிப் படங்களையும் காட்டினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பார்த்தது அநேகமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாகவோ, 1963இல் விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங்குக்கு 21 வயதில் கண்டுபிடித்த, 'அமியோட்ரோபிக் லாட்டரல் ஸ்கிளிரோசிஸ்' என்ற நரம்பு வருத்தமாகவோ இருக்கும். முன்னதில் மூளையிலும் முண்ணாணிலும் திட்டுத்திட்டாக இறுகும். 1868இல் பிரான்ஸில் ஷார்கோ என்ற நரம்பு வைத்தியர் அதை விவரித்தார். பின்னது தசையை ஆட்டுகிற நரம்புகளைத் தின்னும். இவை இரண்டும் உங்களுடையது இல்லை. மூளை, தோல், சிறுநீரகம், இதயம் என்று பல இடங்களில் கட்டிகள் வருகிற டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்று இன்னொன்று உண்டு. அது இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதாவதால் வருவது. அதுவும் உங்களுடையது இல்லை. இரத்தக் குழாய் தடித்து மாரடைப்புக்குக் கொண்டுபோகிறதே, அதன் பெயர் அதிரோஸ்கிளிரோசிஸ். மாமிக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் கல்லாகிற பரம்பரையில் மாமிக்கும் பங்கு இருக்கலாம். இதை அவரிடம் சொல்லச் சொல்லவில்லை.

உங்களுடையது என்ன? 1753இல் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் கார்லோ குர்சியோ, தோல் மரம்போல இறுகிய 17 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். இந்த வருத்தத்தின் முதல் தெளிவான விவரம் அதுதான் என்பார்கள். அன்று தோலைத்தான் கண்டார்கள். இன்று தெரிவது, முதலில் கெடுவது சின்ன இரத்தக் குழாய்கள். பிறகு எதிர்ப்புச் சக்தி தன் உடம்பின் மீதே பாய்கிறது. அதன் பிறகு தழும்புக்குரிய நார்ப்பொருள் தோலிலும் நுரையீரலிலும் தொண்டைக் குழாயிலும் இதயத்திலும் அளவுக்கு மீறிப் படிகிறது. ஐஸில் விரல் வெளுத்தது 1862இல் பிரெஞ்சு வைத்தியர் மோரிஸ் ரேனோ விவரித்த அறிகுறி. அது வந்து வருடக்கணக்கில் கழித்துத்தான் மற்றவை தலைகாட்டுவதுண்டு. நாலு வருடத்துக்கு முன் நீங்கள் வந்து காட்டாதது பெரிய தவறில்லை. அப்படி வெளுக்கிற விரல்களில் பெரும்பாலானவை வெறும் விரல்களாகவே இருந்துவிடும்.

எக்ஸ்ரே நல்லம், ஆனால்

கோணேசர் மலை ஏறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறீர்கள், சளியில்லாத வறட்டு இருமல் இருக்கிறது என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. 'வயசு போகுதுதானே' என்று நீங்களே பதிலும் எழுதிவிட்டீர்கள். 39 வயதில் அந்தப் பதில் செல்லாது.

இந்த வருத்தத்தில் இன்று உயிரைக் கூடுதலாக எடுப்பது நுரையீரல்தான். தழும்பு முதலில் நுரையீரலின் அடிப்பக்கத்தில் மெல்லிய வலைபோலப் படியும். எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சாதாரணம், சிடியில் தெரியும். குழாயில் பலமாக ஊதச் சொல்லிச் செய்கிற சுவாசப் பரிசோதனை, நுரையீரல் எவ்வளவு கொள்கிறது, காற்றிலிருந்து இரத்தத்துக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குச் சொல்லும். இதயத்தின் எக்கோ ஸ்கேன், நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க. இவற்றை ஒருமுறை செய்து முடித்த கையோடு விட முடியாது. தொடக்க வருடங்களில் சுவாசப் பரிசோதனையைச் சில மாதத்துக்கு ஒருமுறையும், எக்கோவை வருடத்துக்கு ஒருமுறையும் திரும்பச் செய்வார்கள்.

தழும்பு இருந்தால் மைகோபீனோலேட், சில வேளை சைக்ளோபொஸ்பமைட் என்று எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்துகள் உண்டு. 2019இலிருந்து நின்டடனிப் என்ற மருந்தையும் இந்த நுரையீரல் தழும்புக்குப் பயன்படுத்துகிறார்கள், விலை கூடியது. இவை எல்லாம் மேற்கொண்டு இழப்பதைக் குறைப்பவை. போன நுரையீரலைத் திருப்பித் தருவது அரிது. அதனால்தான் அலுமாரியில் கிடக்கிற அந்தக் கடிதத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

செலவைக் கணவர் யோசிப்பது நியாயம். எல்லாவற்றையும் தனியாரில் செய்யக் கடன்பட வேண்டாம். நிபுணரை அரச ஆஸ்பத்திரியில் பாருங்கள். ஸ்கேனுக்கும் அங்கேயே திகதி போடச் சொல்லுங்கள். அந்தத் திகதி மாதக்கணக்கில் தள்ளிப் போனால் மட்டும் சிடியை வெளியில் எடுத்துக்கொண்டு மீண்டும் அரச கிளினிக்குக்கே போவது என் யோசனை. மருந்துச் செலவு கைமீறினால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கொழும்பு 260 கிலோமீற்றர் தூரம், போய்வர இரண்டு நாள் போய்விடும் என்பதும் தெரியும். மட்டக்களப்பிலோ கண்டியிலோ காட்ட முடியுமா என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

ஐஸ், ஏசி பஸ், கன்னியா

வெளிநாட்டுப் புத்தகங்கள் பனியில் கையுறை போடச் சொல்லும். நமக்கு எதிரி ஐஸ் பெட்டி, பிரிட்ஜ், ஏசி பஸ், மாரி காலத்து வாடைக்காற்று. வாடியில் ஐஸ் போடும் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் கணக்கைப் பாருங்கள். இதில் என்னோடு பேரம் பேச வேண்டாம். விரல் நுனியில் புண் விழுந்தால் ஆற மாதங்கள் எடுக்கும். சிலருக்கு நுனியே போய்விடும். பயணம் போகும்போது கையுறை, காலுறை, மேலே ஒரு போர்வை. கையை மட்டும் சூடாக்கினால் போதாது, உடம்பு குளிர்ந்தாலே விரல் சுருங்கும். நிபெடிபின் போன்ற குழாயை விரிக்கிற குளிசை தருவார்கள். அதில் கால் வீங்கலாம், தலை பாரமாகலாம், சொல்லிவிட்டுத் தொடருங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவீர்களா என்று தெரியவில்லை. போடுவதானால் இன்றோடு நிறுத்துங்கள், அது குழாய்களைச் சுருக்கும். மூக்கடைப்புக்கு விற்கிற சில குளிசைகளும், புரொப்ரனொலோலும் அப்படித்தான். பார்மசியில் வருத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

சோறு நெஞ்சில் நிற்கிறது, இரவில் புளித்து மேலே வருகிறது என்பதும் இந்த வருத்தத்தின் பகுதிதான், 'காஸ்ரிக்' இல்லை. இரவுச் சாப்பாட்டைச் சுருக்கி நேரத்தோடு முடியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் செங்கல் வையுங்கள்.

கன்னியாவைப் பற்றி. தாயின் கிரியைக்காக இராவணன் தோண்டியது என்று நாம் சொல்லி வளர்ந்த ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. சுடுநீரில் விரல் இளகுவதுபோல இருப்பது உண்மை. குழாய்கள் விரிகின்றன, நோவு குறைகிறது. ஆனால் தோலுக்குள் படிந்த நார் அதில் கரையாது. விரலில் வெடிப்போ புண்ணோ இல்லாத நாளில் போய்வாருங்கள். குளித்ததும் காற்றில் நிற்காமல் உடனே துவட்டுங்கள், அந்தக் குளிரில் விரல் மறுபடி வெளுக்கும். வீட்டில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்துவிட்டு எண்ணெய் தடவி, விரல்களை மடக்கி நீட்டி, வாயை அகலத் திறந்து மூடிப் பயிற்சி செய்வது கன்னியாவுக்குப் போவதைவிடக் கூடுதல் பயன் தரும். வாய் சுருங்கிய பிறகு பல் டொக்டரிடம் போவது பெரும்பாடு.

மகள், தங்கை, வெட்டிய வரி

தாய்க்கோ சகோதரிக்கோ இந்த வருத்தம் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பொதுமக்களைவிடக் கூடுதல். இதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் 'கூடுதல்' எவ்வளவு என்று பாருங்கள்: இந்த வருத்தம் இருக்கிற நூறு குடும்பத்தில் ஒன்றிலோ இரண்டிலோதான் இரண்டாவது ஆளைக் காண்கிறோம். மகளுக்கு இரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். அவளுடைய விரல் ஐஸில் வெளுத்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதுவரை அவளைப் படிக்க விடுங்கள்.

தங்கையின் சம்பந்தத்துக்கு டொக்டர் கடிதம் ஏதும் கேட்டால் நான் எழுத மாட்டேன். சுகமாக இருக்கிற பெண்ணுக்கு 'இவளுக்கு வருத்தம் இல்லை' என்று சான்றிதழ் கொடுப்பதே சந்தேகத்தை வளர்க்கும். மறைப்பதா, சொல்வதா? தங்கை சம்மதித்தால், 'அக்காவுக்கு இன்ன வருத்தம், தொற்றாது, பரம்பரையாக ஓடுகிற ரகமும் இல்லை' என்று இரண்டு வரியில் சொல்லிவிடுவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பிறகும் அவர்கள் பின்வாங்கினால் அது அவர்கள் விருப்பம். அதற்கு உங்கள் தோலைக் குற்றம் சொல்லாதீர்கள்.

நாலாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியதை வாசித்துவிட்டேன், மன்னியுங்கள். இன்னொரு பிள்ளை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வருத்தத்தோடு பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இப்போது வேண்டாம். தோல் வேகமாக இறுகுகிற காலத்தில் கர்ப்பம் ஆபத்து. மைகோபீனோலேட்டும் பிரஷர் நெருக்கடிக்குக் கொடுக்கிற அந்த மருந்துகளும் கருவுக்குக் கேடு. மருந்து தொடங்க முன்பே குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். நுரையீரலும் இதயமும் எப்படி என்று தெரிந்த பிறகு, நிலைமை அடங்கினால், அந்த வரியை வெட்டாமல் திரும்பக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிளினிக் கொப்பி, அலுமாரியில் இருக்கிற கடிதம், மாமாவின் குளிசைப் பக்கெட், மூன்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்கேன் எதற்கு என்று அவர் அங்கேயே கேட்கட்டும்.